நான்கு வீச்சுகளின் நாயகர்

மோட்டார் வாகனப் பணிமனை ஒன்றில், எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றிய மெக்கானிக் அடுத்த திருகைத் தொடுவதற்கு முன் சற்றே நிற்பதை நீங்கள் கண்டிருக்கலாம். அவர் கிராங்க் தண்டை மெல்லத் திருப்பி, முதல் சிலிண்டரின் பிஸ்டன் உச்சிக்கு வந்துவிட்டதா என்று பார்ப்பார். பற்சக்கரங்களில் பொறிக்கப்பட்டுள்ள குறிகள் நேராக நிற்கின்றனவா என்று குனிந்து நோக்குவார். சங்கிலியிலும் பல்லிலும் வெள்ளை வண்ணத்தால் சிறு புள்ளிகள் இடுவார். இவ்வளவும் முடிந்த பின்னரே கேம் தண்டைக் கழற்றத் தொடங்குவார்.

எஞ்சினில் எத்தனையோ உறுப்புகள் இருக்க, இந்த ஒரு தண்டைக் கழற்றுவதற்கு மட்டும் ஏன் இத்தனை முன்னேற்பாடு? விடை, ஜெர்மனியில் தேயிலையும் சர்க்கரையும் விற்றுக்கொண்டிருந்த ஒருவருடைய வாழ்க்கையில் இருக்கிறது. அவர் பெயர் நிக்கோலஸ் ஆகஸ்ட் ஓட்டோ. பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் வெப்ப இயந்திரங்களைப் படிக்கும் மாணவர்கள் அவர் பெயரால் வழங்கும் சுழற்சியை எங்கேனும் சந்திக்கக்கூடும். சுழற்சியை அறிந்தவர்கள் பலர். மனிதரை அறிந்தவர்கள் சிலரே.

வணிகராக வளர்ந்தவர்

ஓட்டோ 1832ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஜெர்மனியின் நஸ்ஸாவ் பகுதியைச் சேர்ந்த ஹோல்ட்ஸ்ஹவுசன் என்னும் சிற்றூரில் பிறந்தார். அஞ்சல் நிலையப் பொறுப்பாளராக இருந்த தந்தையார் அதே ஆண்டில் இறந்துபோனார். மகன் தந்தையின் முகம் அறியாமலேயே வளர்ந்தான். பள்ளியில் அறிவியல் பாடங்களில் சிறந்து விளங்கியதனால், தொழில்நுட்பக் கல்விக்கு அவனை அனுப்பலாம் எனத் தாயார் முதலில் எண்ணியிருந்தார். ஆனால் 1848ஆம் ஆண்டுப் புரட்சியும் அதனைத் தொடர்ந்த பொருளாதாரக் குழப்பமும் அவர் எண்ணத்தை மாற்றின. உறுதியான வருவாய் தருவது வணிகமே என்று கருதி, மகனைக் கடைத்தொழில் பயில அனுப்பினார்.

நாஸ்டேட்டன் என்னும் ஊரில் தொழில் பயின்ற ஓட்டோ, பின்னர் ஃபிராங்ஃபர்ட்டிலும் அதன்பின் கொலோன் நகரிலும் வணிக நிறுவனங்களில் பணியாற்றினார். தேயிலை, காப்பி, அரிசி, சர்க்கரை ஆகியவற்றுக்கு ஊர் ஊராகச் சென்று கொள்முதல் ஆணை பெற்றுவருவதே அவருடைய வேலை. 1858ஆம் ஆண்டு கொலோன் நகரத் திருவிழாவில் அன்னா கோசி என்னும் பெண்ணைச் சந்தித்தார். இருவருக்கும் திருமணம் நடைபெற்றது 1868ஆம் ஆண்டில்தான். இடைப்பட்ட பத்தாண்டுகளை எஞ்சின் விழுங்கிவிட்டது எனலாம்.

பாரிஸிலிருந்து வந்த செய்தி

1860ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் வாழ்ந்த லெனுவார் என்பவர் எரிவாயுவால் இயங்கும் எஞ்சின் ஒன்றை உருவாக்கினார். நீராவி எஞ்சினுக்குக் கொதிகலன் வேண்டும், கரி வேண்டும், நீர் கொதிக்கும்வரை காத்திருக்கவும் வேண்டும். இவை ஒன்றும் இன்றி இயங்கிய லெனுவாரின் எஞ்சின் ஐரோப்பா எங்கும் பேசப்பட்டது. எனினும் அதில் பெருங்குறைகள் இருந்தன. வாயுவும் காற்றும் கலந்த கலவையை உள்ளே இழுத்து, பிஸ்டன் பாதி வழியில் இருக்கும்போதே, அழுத்தாமல் அப்படியே பற்றவைத்தது அது. அதனால் வாயு மிகுதியாகச் செலவாயிற்று. எஞ்சினும் அளவுகடந்து சூடேறிற்று.

ஊர் ஊராகப் பயணம் செய்த ஓட்டோவுக்கு இன்னொரு குறையும் தோன்றியது. எரிவாயு, குழாய் பதித்த நகரங்களில் மட்டுமே கிடைக்கும். குழாய் இல்லாத இடத்தில் எஞ்சினால் என்ன பயன்? ஆகவே திரவ எரிபொருளை ஆவியாக்கிப் பயன்படுத்தும் முறைக்கு உரிமை கேட்டு, 1861ஆம் ஆண்டு பிரஷ்ய அரசுக்கு விண்ணப்பித்தார். அவ்விண்ணப்பம் மறுக்கப்பட்டது.

அவர் சோர்ந்துவிடவில்லை. மைக்கேல் சோன்ஸ் என்னும் கைவினைஞரைக் கொண்டு, லெனுவார் எஞ்சினைப் போன்ற சிறு மாதிரி ஒன்றைச் செய்வித்தார். வணிக வேலை போக எஞ்சிய நேரமெல்லாம் அதன் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பதிலேயே கழிந்தது. ஒருமுறை கலவையை உள்ளே இழுத்த பிறகு, பிஸ்டனைத் திரும்ப உள்ளே தள்ளி, கலவையை நெருக்கிப் பற்றவைத்தார். சக்கரம் அதுவரை காணாத விசையுடன் பல சுற்றுகள் சுழன்றது. நெருக்கப்பட்ட கலவை கூடுதல் ஆற்றல் தரும் என்னும் உண்மை, இவ்வாறு சக்கரத்தைத் திருப்பிய கைக்கே முதலில் புலப்பட்டது.

இதிலிருந்து பிறந்ததே நான்கு வீச்சு முறை. பிஸ்டன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்வதை ஒரு வீச்சு என்கிறோம். முதல் வீச்சில் கலவை உள்ளே வரும். இரண்டாம் வீச்சில் அது நெருக்கப்படும். மூன்றாம் வீச்சில் எரிந்து விரிந்து பிஸ்டனைத் தள்ளும். நான்காம் வீச்சில் எரிந்த புகை வெளியேறும். நான்கில் ஒன்றே உழைக்கும் வீச்சு; மற்ற மூன்றும் அதற்கான ஆயத்தமும் துப்புரவுமே. அக்காலப் பொறியாளர் ஒருவரிடம் இதைச் சொல்லியிருந்தால், மூன்று வீச்சுகளை வீணாக்கும் எஞ்சின் எதற்கு என்று கேட்டிருப்பார். நீராவி எஞ்சினில் ஒவ்வொரு வீச்சும் உழைத்ததல்லவா? கல்லூரியில் பயிலாத ஓட்டோவுக்கு அத்தகைய தயக்கம் இல்லாமற்போனது நன்மையாயிற்று என்றே நான் கருதுகிறேன்.

1862ஆம் ஆண்டில் இம்முறையில் நான்கு சிலிண்டர்கள் கொண்ட எஞ்சின் ஒன்றை ஓட்டோ இயக்கிப் பார்த்தார். வெடிப்பின் அதிர்வைத் தாங்கமாட்டாமல் அது சிதைந்துபோயிற்று. கைப்பொருளும் கரைந்தது. நான்கு வீச்சு என்னும் எண்ணத்தை அவர் மடித்து வைத்தார். அதனை மீண்டும் விரிப்பதற்குப் பதினான்கு ஆண்டுகள் ஆயின.

நட்பும் தொழிற்சாலையும்

ஓட்டோ அடுத்துச் செய்தது முற்றிலும் வேறான எஞ்சின். செங்குத்தாக நிற்கும் சிலிண்டரில் வாயு எரிந்து பிஸ்டனை மேலே எறியும். உள்ளே வெற்றிடம் உண்டாகும். வெளிக்காற்றின் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளும்போது வேலை நடக்கும். 1864ஆம் ஆண்டில் இதனைக் கண்ட யூஜின் லாங்கன் என்னும் செல்வர், சர்க்கரைத் தொழிற் குடும்பத்தைச் சேர்ந்தவர், பொறியியல் கற்றவர், ஓட்டோவுடன் கூட்டுச் சேர்ந்தார். உலகில் எரிவாயு எஞ்சின் செய்வதற்கென்றே தொடங்கப்பட்ட முதல் தொழிற்சாலை கொலோன் நகரில் அவ்வாண்டு உருவாயிற்று.

1867ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் இருவரும் தம் எஞ்சினை வைத்தனர். பார்ப்பதற்கு அழகற்றது, ஓடும்போது கடகடவென்று பேரோசை எழுப்பியது. பார்வையாளர்கள் கடந்து சென்றனர். நடுவர்கள் ஒவ்வோர் எஞ்சினும் உண்ணும் எரிவாயுவை அளந்தபோது நிலைமை மாறியது. ஓட்டோவின் எஞ்சின் ஏனையவற்றில் பாதிக்கும் குறைவான வாயுவையே செலவிட்டது. தங்கப் பதக்கம் அதற்கே கிடைத்தது. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரின் கிராஸ்லி சகோதரர்கள் அதனை உரிமம் பெற்றுத் தயாரித்தனர்.

1872ஆம் ஆண்டில் நிறுவனம் டாய்ட்ஸ் என்னும் இடத்தில் பெரிதாக வளர்ந்து நின்றது. காட்லீப் டைம்லர் தொழில்நுட்ப இயக்குநராகவும், வில்ஹெல்ம் மேபாக் வடிவமைப்பாளராகவும் வந்து சேர்ந்தனர். இவர்கள் பெயர்களைப் பிற்காலத்தில் கார்கள் சுமந்தன. முறையாகப் பொறியியல் கற்ற டைம்லருக்கும், கற்காமலே கண்டறிந்த ஓட்டோவுக்கும் ஒத்துப்போகவில்லை. 1882ஆம் ஆண்டில் டைம்லரும் மேபாக்கும் நிறுவனத்தை விட்டு வெளியேறும்வரை அப்பூசல் ஓயவில்லை.

அரை வேகத்தில் சுழன்ற தண்டு

பழைய எஞ்சினுக்கு ஓர் எல்லை இருந்தது. ஏறத்தாழ மூன்று குதிரைத்திறனுக்கு மேல் அதனால் தர இயலவில்லை. அதற்கே உயரமான கூரை வேண்டியிருந்தது. ஆகவே ஓட்டோ மடித்துவைத்த எண்ணத்தை மீண்டும் விரித்தார். 1876ஆம் ஆண்டில், கிடைமட்டமாகப் படுத்த ஒற்றைச் சிலிண்டருடன் அவருடைய நான்கு வீச்சு எஞ்சின் ஓடியது. நிமிடத்திற்கு ஏறத்தாழ 180 சுற்றுகள். பழையதன் பேரோசைக்குப் பழகிய மக்கள் இதனை ஓசையற்ற ஓட்டோ என்று அழைத்தனர்.

அந்த எஞ்சினின் பக்கவாட்டில் மெல்லிய தண்டு ஒன்று ஓடியது. நாம் தொடக்கத்தில் கண்ட கேம் தண்டின் மூதாதை அதுவே. அது செய்த வேலையைக் கூர்ந்து நோக்குவோம். நான்கு வீச்சுகள் நிறைவுற கிராங்க் தண்டு இரண்டு முறை சுழல வேண்டும். ஆனால் புகை வெளியேறும் வால்வு அவ்விரண்டு சுற்றுகளில் ஒருமுறைதான் திறக்க வேண்டும். கிராங்க் தண்டோ ஒரு சுற்றை இன்னொரு சுற்றிலிருந்து வேறுபடுத்தி அறியாது. பிஸ்டன் உச்சிக்கு வரும் இரு தருணங்களுள் ஒன்றில் கலவை எரிய வேண்டும். மற்றொன்றில் புகை போய் முடிந்திருக்க வேண்டும். எது எது என்று கணக்கு வைத்துக்கொள்ள மற்றொரு தண்டு தேவைப்பட்டது. பற்சக்கரங்களால் கிராங்க் தண்டோடு இணைக்கப்பட்டு, அதன் பாதி வேகத்தில் சுழன்றது அப்பக்கத் தண்டு. கலவையை உள்ளே விட்டுப் பற்றவைக்கும் நழுவுதகட்டை அது நகர்த்தியது. அதில் பொருந்தியிருந்த கேம் என்னும் முட்டை வடிவப் புடைப்பு, வெளியேற்று வால்வை உரிய வீச்சில் தூக்கியது. இரண்டுக்கு ஒன்று என்னும் இந்தக் கணக்கு தவறினால் நான்கு வீச்சும் இல்லை, எஞ்சினும் இல்லை.

இன்றைய காரில் அத்தண்டு பெரும்பாலும் சிலிண்டர்களின் தலைமேல் இருக்கிறது. சங்கிலியோ பல்வார்ப்பட்டையோ அதனைச் சுழற்றுகிறது. கேம் தண்டின் பற்சக்கரத்தில் உள்ள பற்களின் எண்ணிக்கை கிராங்க் தண்டின் பற்சக்கரத்தில் உள்ளதைப் போல இருமடங்கு என்பதை எண்ணிப் பார்த்தே அறியலாம். ஓட்டோவின் கணக்கு மாறாமல் அப்படியே இருக்கிறது.

இப்போது பணிமனையில் நிற்கும் மெக்கானிக்கின் எச்சரிக்கை நமக்கு விளங்கும். எஞ்சின் குளிர்ந்த பின், மின்கலத்தின் இணைப்பைப் பிரித்து, முதல் சிலிண்டரின் பிஸ்டனை நெருக்கு வீச்சின் உச்சியில் நிறுத்துகிறார். உச்சி இரண்டு உண்டு என்று கண்டோம். அவற்றுள் சரியானதையே தேர்ந்தாக வேண்டும். குறிகளைச் சரிபார்த்து, சங்கிலியை இறுக்கிப் பிடிக்கும் கருவியைத் தளர்த்துகிறார். விடுபட்ட சங்கிலி எஞ்சினின் உட்கூட்டுக்குள் விழுந்துவிடாதபடி கம்பியால் கட்டி நிறுத்துகிறார். அதன்பின் தண்டைத் தாங்கும் பேரிங் மூடிகள். பல சிலிண்டர் எஞ்சினில் தண்டு எந்நிலையில் நின்றாலும் சில வால்வுகள் அழுந்தியே இருக்கும். அவற்றின் சுருள்வில்கள் தண்டை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும். ஒரு முனையின் திருகுகளை முற்றிலும் கழற்றிவிட்டு மறுமுனைக்குச் சென்றால், அத்தள்ளுவிசை முழுவதும் ஒரு பக்கமே தாக்கும். தண்டு வளையலாம், முறியவும் கூடும், மூடியும் உடைந்துபோகலாம். ஆதலால் தயாரிப்பாளரின் கையேடு கூறும் வரிசைப்படி, ஒவ்வொரு திருகையும் கொஞ்சம் கொஞ்சமாக, பல சுற்றுகளில் தளர்த்துகிறார். கழற்றிய மூடிகளைக் கலக்காமல், எண்ணும் திசையும் மாறாமல் வரிசையாக வைக்கிறார். ஒவ்வொரு மூடியும் தன் இடத்திற்கென்றே கடையப்பட்டது. இடம் மாறினால் தண்டு சிக்கும்.

தண்டு வெளியே வந்த பிறகு கிராங்க் தண்டை அவர் மனம்போனபடி திருப்புவதில்லை. பல எஞ்சின்களில், திறந்து நிற்கும் வால்வும் உச்சிக்கு வரும் பிஸ்டனும் ஒன்றோடொன்று மோதக்கூடியவை. ஓடும் எஞ்சினில் அவை மோதாமல் இருப்பதற்கு ஒரே காரணம், இரு தண்டுகளும் கணக்குத் தவறாமல் சுழல்வதே. மீண்டும் பூட்டும்போது சங்கிலி ஒரு பல் தள்ளிப் பொருந்தினாலும் எஞ்சின் தடுமாறும். சில பற்கள் தள்ளிப்போனால் வால்வுகள் வளைந்துவிடும். ஆகையால்தான் பூட்டி முடித்ததும் சாவியைத் தொடாமல், கிராங்க் தண்டைக் கையால் இரண்டு முழுச் சுற்றுகள் திருப்பி, குறிகள் மீண்டும் நேர்நிற்கின்றனவா என்று பார்க்கிறார். இரண்டு சுற்று என்பது கேம் தண்டுக்கு ஒரு சுற்று. இயங்குவதற்கு முன் நான்கு வீச்சுகளையும் கையால் ஒருமுறை நடத்திப் பார்ப்பது அது. கொலோன் நகரில் ஓட்டோ சக்கரத்தைக் கையால் திருப்பியதும் இப்படித்தான்.

பறிபோன உரிமை

1877ஆம் ஆண்டில் ஜெர்மனியில் புதிய காப்புரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஓட்டோவின் எஞ்சினுக்கு 532ஆம் எண்ணுள்ள காப்புரிமை கிடைத்தது. ஆயிரக்கணக்கான எஞ்சின்கள் விற்றன. வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் 1882ஆம் ஆண்டில், கல்லூரி வாயிலை மிதியாத இவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கிற்று. ஆனால் நான்கு வீச்சு எஞ்சின் செய்ய விரும்பிய ஒவ்வொருவருக்கும் அந்தக் காப்புரிமை தடையாக நின்றது. போட்டியாளர்கள் அதனை வீழ்த்த வழி தேடினர்.

வழி பிரான்சிலிருந்து கிடைத்தது. போ தெ ரோஷா என்னும் பிரெஞ்சுப் பொறியாளர், 1862ஆம் ஆண்டிலேயே நான்கு வீச்சுகளையும் வரிசைப்படுத்தி விளக்கி, சிறு நூல் ஒன்று எழுதியிருந்தார். மிகச் சில படிகளே அச்சான நூல் அது. அவர் எஞ்சின் எதையும் செய்ததில்லை. கட்டணம் செலுத்தாமையால் அவருடைய உரிமையும் காலாவதியாகியிருந்தது. ஆயினும் எழுத்து எழுத்தாகவே நின்றது. ஓட்டோவின் காப்புரிமைக்கு முன்பே அம்முறை அச்சில் வெளியாகிவிட்டது என்று வழக்காடினர்.

இவ்வழக்கில் ஓட்டோவின் நிலையைச் சற்று ஆராய வேண்டும். தம் எஞ்சின் அதிராமல் ஓடுவதற்குக் காரணம் என்று அவர் நம்பியது நான்கு வீச்சை மட்டும் அன்று. சிலிண்டருக்குள் பற்றவைக்கும் இடத்தில் செறிந்த கலவையும், பிஸ்டனுக்கு அருகில் நீர்த்த கலவையும் அடுக்கடுக்காக நிற்பதனால் எரிதல் மெதுவாக நடக்கிறது என்பது அவருடைய கொள்கை. புகைபோக்கியிலிருந்து எழும் புகை, வாயருகே செறிந்தும் போகப்போக நீர்த்தும் பரவுவதைக் கண்டு அவருக்கு இவ்வெண்ணம் தோன்றியதாகச் சொல்வர். காப்புரிமையிலும் இந்த அடுக்கு முறையையே அவர் முதன்மையாக எழுதினார். நான்கு வீச்சு பின்னால் ஒரு கூற்றாகவே இடம்பெற்றது. உண்மையில் அவருடைய எஞ்சினின் வெற்றிக்குப் பெருங்காரணம் கலவையை முன்கூட்டி நெருக்கியதும் நான்கு வீச்சின் ஒழுங்குமே. தாம் படைத்தவற்றுள் எது பெரிது என்பதைப் படைத்தவரே சரியாக அறியவில்லை. இறுதிவரை அடுக்குக் கொள்கையையே அவர் பற்றிநின்றார்.

இங்கிலாந்து நீதிமன்றம் அவருடைய உரிமையை ஏற்றது. ஜெர்மனியின் உச்ச நீதிமன்றமோ 1886ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் நான்கு வீச்சுக்கான உரிமையை நீக்கியது. சட்டத்தின் நோக்கில் அத்தீர்ப்பில் பிழை காண்பது அரிது. எழுதியவர் ஒருவர், ஓட்டிக் காட்டியவர் இன்னொருவர் என்னும்போது, முன்னவர் எழுதியதை அறியாமலே பின்னவர் பாடுபட்டார் என்பதைச் சட்டம் கணக்கில் கொள்வதில்லை. ஆனால் உடைந்த எஞ்சினையும் பதினான்கு ஆண்டுக் காத்திருப்பையும் அறிந்த நமக்கு அத்தீர்ப்பைப் படிக்கும்போது மனம் அமைதி கொள்வதில்லை.

அத்தீர்ப்புக்கு முதல்நாள், அதாவது ஜனவரி 29 அன்று, கார்ல் பென்ஸ் தம் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்திருந்தார். அதில் இருந்ததும் நான்கு வீச்சு எஞ்சினே. மறுநாள் முதல் அம்முறை எவரும் பயன்படுத்தத்தக்க பொதுச்சொத்தாயிற்று. ஓட்டோவிடமிருந்து பிரிந்துசென்ற டைம்லரும் மேபாக்கும் அதே முறையில் சிறிய, விரைந்து சுழலும் எஞ்சின்களைச் செய்து வண்டிகளில் பொருத்தினர்.

ஓட்டோ தீர்ப்பால் மனமுடைந்தார் என்றாலும் வறுமையில் வாடவில்லை. டாய்ட்ஸ் தொழிற்சாலை தொடர்ந்து நன்றாகவே நடந்தது. வழக்குகள் நடந்துகொண்டிருந்த 1884ஆம் ஆண்டிலேயே, காந்தத்தின் துணையால் மின்பொறி உண்டாக்கிப் பற்றவைக்கும் கருவியை அவர் உருவாக்கியிருந்தார். அதனால் திரவ எரிபொருளிலும் எஞ்சினை ஓட்ட முடிந்தது. இளமையில் பிரஷ்ய அரசு மறுத்த எண்ணம், ஏறத்தாழ இருபத்துமூன்று ஆண்டுகளுக்குப்பின் இவ்வாறு நிறைவேறியது.

1891ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் கொலோன் நகரில் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 58. அவருடைய மகன் குஸ்டாவ் பிற்காலத்தில் மியூனிக் நகரில் விமானத் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கினார். இன்று பி.எம்.டபிள்யூ. என்று உலகம் அறியும் நிறுவனத்தின் வேர்களுள் ஒன்று அத்தொழிற்சாலையே.